உங்கள் கிளியின் அலகு சரியாகத்தான் இருக்கிறதா?

கிளி வளர்க்கத் தொடங்கிய சில மாதங்களுக்குள் எல்லோருக்கும் ஒரு பயம் வந்துவிடும். காலையில் கூண்டுத் துணியை விலக்கினால் அலகின் மேல் மெல்லிய செதில் ஒன்று உரிந்துகொண்டு நிற்கும். இல்லாவிட்டால் நுனி நேற்றைவிட நீண்டதாகத் தோன்றும், ஓரத்தில் கறுப்பாக ஒரு தீற்று தெரியும். உடனே போனில் படமெடுத்துத் தெரிந்த நாலு பேருக்கு அனுப்புவோம். ஒருவர் "ஒன்றுமில்லை, விடுங்க" என்பார். இன்னொருவர் "நகவெட்டியால் லேசா வெட்டிடுங்க" என்பார். மூன்றாமவர் ஏதாவது சொட்டு மருந்தின் பெயரை அனுப்புவார். என்ன வகைக் கிளி, என்ன வயது, போன மாதம் இந்த அலகு எப்படி இருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்த மூன்றும் தெரியாமல் ஓர் அலகைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. எல்லாக் கிளிகளுக்கும் பொதுவான 'சரியான அலகு' என்று ஒன்று கிடையாது. பட்ஜி என்ற சின்னக் கிளியில், பருவத்துக்கு வந்த பெண்ணின் மூக்கு, அதாவது அலகுக்கு மேலே உள்ள மெத்தென்ற மேடு, பழுப்பாகித் தடித்தால் அது இயல்பு. ஆண் பட்ஜிக்கு அதுவே நடந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வெள்ளைக் காக்கட்டூ என்ற பெரிய கொண்டைக் கிளியின் கறுப்பு அலகு சாம்பல் பூசியதாக மங்கியிருந்தால் நல்லது, பளபளவென்று மின்னினால்தான் கவலை. ஆகவே முதலில் உங்கள் பறவை எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்பவை பெரும்பாலும் பட்ஜிகள், அதாவது ஆஸ்திரேலியப் புல்வெளிகளிலிருந்து வந்த பட்ஜெரிகார்கள். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதை நம்மவர்கள் 'ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்' என்று பிரித்துச் சொல்கிறார்கள். இரண்டின் அலகும் வேறு, வரக்கூடிய தொல்லைகளும் வேறு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் தோப்புகளில் பறக்கிற பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்தக் கட்டுரையில் வளர்ப்புக் கிளி என்று நான் சொல்வது பட்ஜி, காக்கடீல், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட், கொனூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்ற வெளிநாட்டு இனங்களை.

உள்ளே எலும்பு, வெளியே நகம்

அலகை ஒரு கெட்டியான கொம்பு என்று நினைத்தால் பாதிதான் சரி. நடுவில் எலும்பு இருக்கிறது. அதன் மேல் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடும் மெல்லிய தோல். அதற்கும் மேலேதான் நாம் பார்க்கிற கெட்டியான உறை. இந்த உறை கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, நம் நகமும் அதே பொருள்தான். கிளிகளின் அலகு நுனியில் தொடு உணர்வுக்கென்றே நரம்பு முனைகள் கூட்டமாக அமைந்திருக்கின்றன. ஒரு சூரியகாந்தி விதையைக் கிளி வாயில் போட்டு, நாக்கால் புரட்டி, சரியான விளிம்பில் நிறுத்தி, தோலை மட்டும் தனியே உரித்துப் போடுவதைக் கிட்ட இருந்து பாருங்கள். கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை இல்லை அது. வாய்க்குள் நடப்பது அதன் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. எல்லாம் அலகும் நாக்கும் தொட்டுத் தொட்டு அறிவதுதான். நுனியை வீட்டில் வெட்டாதீர்கள் என்று பின்னால் நான் அடம்பிடிக்கப் போவதற்கும் இதுதான் காரணம்.

இன்னொரு விஷயம் புதியவர்களைப் பயமுறுத்தும். கிளி கொட்டாவி விடும்போது மேல் அலகு நெற்றியிலிருந்து தனியாக மேலே தூக்கிக்கொள்ளும். 'ஐயோ, கழன்றுவிட்டதா' என்று தோன்றும். இல்லை. நமக்குக் கீழ்த்தாடை மட்டும்தான் அசையும், கிளிக்கு மேல் அலகும் மண்டையோட்டோடு ஒரு கீல் மூட்டில் இணைந்திருக்கிறது. அதனால் இரண்டு அலகும் அசையும். கடினமான கொட்டையை உடைக்கும் பலத்துக்கும், கம்பியைக் கவ்வி ஏறும் லாவகத்துக்கும் இந்த மூட்டு உதவுகிறது. கூண்டுக் கம்பியில் ஏறும்போது கிளி அலகை ஒரு கால் போலவே பயன்படுத்துகிறது. 2022-இல் ஆப்பிரிக்க லவ் பேர்டுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், செங்குத்தாக ஏறும்போது அலகு வெறும் பிடிமானமாக இருக்கவில்லை, கால்கள் அளவுக்கே உடலை மேலே தள்ளியது என்று அளந்தே காட்டினார்கள். இப்படி நாள் முழுக்க உழைக்கிற ஓர் உறுப்பில் கீறலும் தேய்மானமும் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

உறை எப்போதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நெற்றியை ஒட்டிய அடிப்பகுதியிலிருந்து நுனி நோக்கியும், உள்ளிருந்து வெளியேயும் புதிய கெரட்டின் வந்துகொண்டிருக்கும். பழையது மேலே மெல்லிய ஏடாக உரிந்தும், விளிம்பிலும் நுனியிலும் தேய்ந்தும் போகும். காலையில் நீங்கள் பார்த்த செதில் அதுதான். பெரிய கிளிகளின் மேல் அலகு உறை அடியிலிருந்து நுனிவரை முழுதாகப் புதுப்பிக்கப்படப் பல மாதங்கள் ஆகும். இதனால் ஒரு வசதி இருக்கிறது. எங்கேயோ மோதி மேல் உறையில் சின்னப் பள்ளம் விழுந்தால், அது வாரக்கணக்கில் மெல்ல மெல்ல நுனிப் பக்கம் நகர்ந்து, கடைசியில் தேய்ந்து காணாமல் போய்விடும். அப்படி நகர்ந்தால் வளர்ச்சி ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். வளர்ச்சி தொடங்கும் அடிப்பகுதியே நசுங்கிவிட்டால்தான் சிக்கல். அந்தக் காயத்தின் கோணல் பல சமயம் ஆயுசுக்கும் நின்றுவிடும்.

வடிவம்: பக்கவாட்டில் ஒரு பார்வை, நேரே ஒரு பார்வை

பக்கவாட்டில் பார்த்தால் மேல் அலகு கிளிமூக்கு மாங்காயின் நுனி மாதிரி ஒரே சீராக வளைந்து இறங்க வேண்டும். கீழ் அலகு அதற்குள் அடங்கி உட்கார்ந்திருக்க வேண்டும். கீழ் அலகின் விளிம்பு கூராக இருக்காது, உளி முனைபோல் தட்டையாகவோ லேசான குழிவாகவோ இருக்கும். பல இனங்களில் மேல் அலகின் பக்க விளிம்பில் ஒரு சின்ன வெட்டு தெரியும். அது உடைந்த இடம் இல்லை, விதையைப் பிடித்து நிறுத்த இயற்கையிலேயே உள்ள பள்ளம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பட்ஜியில் பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் ஏமாற்றும். அதன் அலகு சின்னது, கன்ன இறகுகளுக்குள் புதைந்து, கீழ்நோக்கி மடங்கியிருக்கும். கீழ் அலகு பாதி நேரம் கண்ணுக்கே தெரியாது. 'என் பட்ஜிக்கு கீழ் அலகே இல்லையோ' என்று கேட்டவர்கள் உண்டு. நுனி இறகுக்குள் மறைந்திருப்பது இயல்புதான். அது தொண்டைத் தோலில் குத்துகிற மாதிரி உள்நோக்கி வளைந்தால், அல்லது விதையைக் கவ்வ முடியாமல் பறவை திணறினால்தான் அது மிகைவளர்ச்சி.

நேரே முகத்துக்கு முன்னால் நின்று பார்க்கும்போது, இரண்டு மூக்குத் துளைகளுக்கு நடுவிலிருந்து நுனிவரை ஒரு கோடு போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு கீழ் அலகின் நடுவில் வந்து இறங்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அதைக் கத்திரி அலகு என்பார்கள். மக்காவ் குஞ்சுகளில் இது அதிகம். குஞ்சு காக்கட்டூக்களில் வேறொரு கோளாறு வரும், மேல் அலகின் நுனி கீழ் அலகுக்கு உள்ளே மாட்டிக்கொள்ளும். கையால் ஊட்டும்போது சிரிஞ்சை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அழுத்துவது, ஊட்டச்சத்துக் குறைவு, அடிபடுவது என்று காரணங்கள் பல. குஞ்சாக இருக்கும்போது அலகு மிருதுவாக இருப்பதால் மருத்துவர் எளிதில் சரிசெய்துவிடலாம். இறகு முளைத்து விதை உடைக்கிற வயது வந்த பிறகு காலம் தாழ்ந்துவிடும். ஆகவே குஞ்சு வாங்குகிறவர்கள் இறகின் நிறத்தை ரசிப்பதற்கு முன்னால் இந்த நடுக்கோட்டைப் பார்த்துவிடுங்கள்.

குஞ்சு வாங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டு குறிப்பு. முட்டையிலிருந்து வந்த புதிதில் மேல் அலகு நுனியில் வெள்ளையாக ஒரு முள் தெரியும். ஓட்டை உடைக்க வந்த முட்டைப்பல் அது, தானாகவே போய்விடும். வாயின் இரு ஓரங்களிலும் தடித்த, மெத்தென்ற மேடுகள் இருக்கும். வீக்கம் என்று நினைத்து மஞ்சள் பற்று போட்டுவிடாதீர்கள். தாய் அந்த இடத்தைத் தொட்டால் குஞ்சு தலையை ஆட்டி உணவு கேட்கும், அதற்கான பகுதி அது.

நீளம் என்பதும் இனத்துக்கு இனம் மாறும். ஆஸ்திரேலியாவில் நீள அலகு கொரெல்லா என்றொரு காக்கட்டூ இருக்கிறது. மண்ணைக் கிளறிக் கிழங்குகளைத் தோண்டித் தின்பதால் மேல் அலகு நீண்டு கிட்டத்தட்ட நேராக நிற்கும். சிலியில் உள்ள ஒரு கொனூர் இனத்துக்கும் அப்படியே. இவற்றின் படத்தை ஒரு பட்ஜி வளர்ப்பவரிடம் காட்டினால் "உடனே ட்ரிம் பண்ணுங்க" என்பார்.

நிறம் சொல்லும் கதை

புதியவர்கள் அதிகம் குழம்புவது நிறத்தில். வயது ஏற ஏற அலகின் நிறம் மாறுவது பல கிளிகளில் வழக்கம். பட்ஜிக் குஞ்சுகளுக்கு அலகு கறுத்துத் தெரியும், சில மாதங்களில் அது வெளிறி மஞ்சள் கலந்த வெளிர் நிறத்துக்கு வந்துவிடும். பீச்முக லவ் பேர்ட் குஞ்சுகளின் மேல் அலகு அடியில் கறுப்புத் தீற்று இருக்கும், வளர்ந்தால் மறையும். கடையில் "பெரிய ஜோடி, முட்டை போடத் தயார்" என்று சொல்லிக் கொடுக்கிற லவ் பேர்டுக்கு அந்தக் கறுப்பு இன்னும் இருந்தால், விற்பவர் சொல்லும் வயதை நம்ப வேண்டாம். ஃபிஷர் லவ் பேர்டுக்கு அலகே சிவப்பு. ரிங்நெக் என்ற வளையக் கழுத்துக் கிளி வகையில் நீலம், மஞ்சள் என்று இறகு நிறம் எத்தனை மாறினாலும் மேல் அலகு சிவப்பாகவேதான் இருக்கும். சாதாரண சாம்பல் நிறக் காக்கடீலுக்கு அலகு கருஞ்சாம்பல், கறுப்பு நிறமி இல்லாத லுட்டினோ காக்கடீலுக்கு இளஞ்சிவப்பு கலந்த வெளிர் நிறம். சன் கொனூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, நீலமஞ்சள் மக்காவ் ஆகியவற்றுக்குக் கறுப்பு. சிவப்பு மக்காவுக்கு மேல் அலகு வெளிறியும் கீழ் அலகு கறுத்தும் இருக்கும். பாதி வெளுத்துவிட்டதே என்று பதற வேண்டாம்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது எக்லெக்டஸ் என்ற கிளி. ஆண் பச்சை, அதன் மேல் அலகு மஞ்சள் கலந்த ஆரஞ்சு. பெண் சிவப்பு, அதன் அலகு முழுக்கக் கறுப்பு. இரண்டும் வெவ்வேறு இனம் என்றே ஐரோப்பிய அறிஞர்கள் ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். அலகின் நிறத்தை வைத்து மட்டும் முடிவெடுத்தால் அறிவியலாளரே தடுமாறுவார், நாம் எம்மாத்திரம்?

சரி, எந்த நிற மாற்றத்துக்குப் பயப்பட வேண்டும்? முதல் வேலையாக ஈரத் துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். பீட்ரூட், மாதுளை, கேரட் தின்ற நாளில் அலகு கொலைக்களம் மாதிரி இருக்கும், துடைத்தால் போய்விடும். போகவில்லை, உறைக்கு அடியில் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ ரத்தக்கட்டு தெரிகிறது என்றால், பறவை எங்காவது மோதியிருக்கிறதா என்று யோசியுங்கள். அடிபட்ட தடம் ஒரே இடத்தில் இருக்கும், நாளாக ஆக நுனிக்கு நகரும். மோதலே இல்லாமல், அலகு வேகமாக நீண்டுகொண்டும் அங்கங்கே பழுப்புக் கோடுகளோடும் இருந்தால், அதுவும் பட்ஜியாக இருந்தால், மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது கல்லீரலை. சின்னக் கூண்டில் பறக்க இடமில்லாமல், விதையை மட்டும் தின்று கொழுத்த பட்ஜிகளுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிவது சாதாரணம். கல்லீரல் கெட்டால் கெரட்டின் உருவாவதும் கெடும். நீங்கள் பார்ப்பது அலகை, நோய் இருப்பது வயிற்றில்.

பட்ஜியின் மூக்கு: தனிக் கவனம்

பட்ஜியின் அலகுக்கு மேலே, மூக்குத் துளைகள் உள்ள மெத்தென்ற மேட்டை வளர்ப்பவர்கள் 'சீர்' என்பார்கள், பேச்சில் வெறுமனே மூக்கு. ஆணா பெண்ணா என்று பார்ப்பதே இதை வைத்துத்தான். வளர்ந்த ஆணுக்கு நீலம். பெண்ணுக்கு வெளிர் நீலத்திலிருந்து பழுப்புவரை மாறிக்கொண்டே இருக்கும், முட்டையிடும் பருவத்தில் பழுப்பாகித் தடித்து, சில சமயம் பொருக்கு மாதிரி ஆகும். பருவம் முடிந்தால் அந்தப் பொருக்கு உதிரும். இளம் ஆணுக்கு இளஞ்சிவப்பு கலந்த ஊதா. இளம் பெண்ணுக்கு மூக்குத் துளையைச் சுற்றி வெள்ளை வளையம். லுட்டினோ, ஆல்பினோ ஆண்கள் வாழ்நாள் முழுக்க ஊதா கலந்த இளஞ்சிவப்பிலேயே இருக்கும் என்பதால் அங்கே மட்டும் இந்தக் கணக்கு தப்பும்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. நீல மூக்கு ஆண் பட்ஜிக்கு மூக்கு பழுப்பாக மாறினால் விதைப்பையில் கட்டி இருக்க வாய்ப்பு உண்டு. அந்தக் கட்டி பெண் ஹார்மோனைச் சுரப்பதால்தான் நிறம் மாறுகிறது. 'ஆண் பெண்ணாகிவிட்டது' என்று சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. அடுத்து, பெண்ணுக்குப் பழுப்புப் பொருக்கு தடித்து மூக்குத் துளையையே அடைத்துவிட்டால், அதை நகத்தால் பிய்க்காமல் மருத்துவரிடம் காட்டி நீக்க வேண்டும்.

பட்ஜிகளுக்கென்றே இருக்கிற இன்னொரு தொல்லை முகச்சொறிப் பூச்சி. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திவகைப் பூச்சி அலகின் அடியிலும் மூக்கைச் சுற்றியும் துளைபோட்டு வாழும். ஆரம்பத்தில் அலகின் மேல் சுண்ணாம்பு காய்ந்த வெள்ளைப் படலம் மட்டும் தெரியும். அப்புறம் ஓரத்தில், வாய் மூலையில், கண்ணைச் சுற்றி, காலில்கூட வெளிறிய, துளைதுளையான பொருக்கு கட்டும். கிட்டப் பிடித்துச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் அந்த நுண்துளைகள் வெறுங்கண்ணுக்கே புலப்படும். இயல்பான உரிதலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தத் துளைகள்தான். இயல்பான செதில் மெல்லிய ஏடாக, தட்டையாக, அலகின் நடுப்பரப்பில் உரியும், அடியில் வழவழப்பான புது உறை இருக்கும். பூச்சிப் பொருக்கு அடியிலும் ஓரத்திலும் தொடங்கும், மேடாக இருக்கும், நாளுக்கு நாள் பரவும். விட்டுவிட்டால் வளரும் பகுதியே கெட்டு அலகு கோணிவிடும்.

மருந்து இருக்கிறது, நன்றாகவும் கேட்கும். ஆனால் பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம்தான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் விற்கிற ஐவர்மெக்டினை 'ஒரு சொட்டுதானே' என்று கழுத்தில் விட்டால் அந்த ஒரு சொட்டே அதிகமாகலாம். மருத்துவர் எடை பார்த்து அளவு சொல்லட்டும். தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கமும் உண்டு. அது இறகில் ஒட்டினால் இறகு திரிதிரியாகி உடல் சூடு போய்விடும், உள்ளே துளைத்துப் போன பூச்சிகளும் முழுக்கச் சாகாது. கூண்டில் உள்ள மற்ற பட்ஜிகளுக்கும் சேர்த்தே சிகிச்சை பார்க்க வேண்டியிருக்கும்.

மூக்கு என்றதும் ஒரு சின்ன எச்சரிக்கை. மூக்குத் துளைக்குள் உற்றுப் பார்த்தால் உருண்டையாக ஏதோ அடைத்துக்கொண்டிருப்பதுபோல் தெரியும். பெரிய கிளிகளில் இன்னும் நன்றாகத் தெரியும். விதையோ சளியோ இல்லை, தூசியைத் தடுக்க உள்ளே இயற்கையாகவே இருக்கிற கெரட்டின் மூடி அது. பல் குத்தும் குச்சியை வைத்து எடுக்க முயன்றால் ரத்தம்தான் வரும். இரண்டு துளையும் ஒரே அளவில், காய்ந்து, கசிவில்லாமல் இருந்தால் போதும்.

மாவு பூத்த அலகு

காக்கட்டூ, காக்கடீல், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஆகியவற்றின் உடலில் மாவு இறகுகள் உண்டு. அவை நொறுங்கி மெல்லிய தூளாகும். கோதும்போது அந்தத் தூள் அலகிலும் படியும். அதனால்தான் ஆரோக்கியமான வெள்ளைக் காக்கட்டூவின் கறுப்பு அலகு சாம்பல் பூத்து மங்கலாகத் தெரிகிறது. விரலால் தேய்த்தால் விரலில் மாவு ஒட்டும். குளித்த உடனே மட்டும் கறுத்து மின்னும், கொஞ்ச நேரம் கோதினால் மறுபடி மங்கிவிடும்.

அந்த மங்கல் திரும்பி வராமல் நாள்கணக்கில் பளபளத்தால், மாவு இறகுகள் கெட்டுவிட்டன என்று பொருள். 1970-களில் ஆஸ்திரேலியாவில் விவரிக்கப்பட்ட அலகு-இறகு நோய் இப்படித்தான் தலைகாட்டும். சர்க்கோ வைரஸ் ஒன்றால் வருவது அது. இறகுகள் சுருண்டோ நடுவில் ஒடுங்கியோ முளைக்கும். அலகு, முக்கியமாகக் காக்கட்டூக்களில், நீண்டு வெடித்து நொறுங்கும். குணப்படுத்தும் மருந்து இல்லை, எச்சத்திலும் இறகுத் தூளிலும் பரவும். இறகு அல்லது ரத்த மாதிரியில் பிசிஆர் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தலாம். விலை கொடுத்து ஒரு சாம்பல் கிளியையோ காக்கட்டூவையோ வாங்குகிறவர்கள், ஆணா பெண்ணா என்று பார்க்க டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பும்போதே இதையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது. முடிவு வரும்வரை புதுப் பறவை தனி அறையில் இருக்கட்டும். சன் கொனூருக்கோ பெண் எக்லெக்டஸுக்கோ அலகு மின்னினால் இந்தப் பயம் தேவையில்லை, அவற்றுக்கு மாவே கிடையாது.

தேய்மானம் தானாக நடக்கிறது

சாயங்காலம் விளக்கை அணைத்ததும் கூண்டிலிருந்து நறநறவென்று ஒரு சத்தம் வரும். மனிதர்கள் பல்லை நறநறவென்று கடித்தால் கோபம். கிளி செய்வது நேரெதிர். வயிறு நிறைந்து, பயமில்லாமல், தூங்கப் போகிற கிளி கீழ் அலகை மேல் அலகின் உட்பக்கத்தில் உள்ள வரிகளில் உரசிக்கொண்டே கண்ணை மூடும். அலகைத் தேய்த்துச் சீர்படுத்துவதில் பெரும்பங்கு இந்த உரசலுக்குத்தான். மீதி வேலையை மரமும் விதையும் பார்த்துக்கொள்ளும். தின்று முடித்ததும் குச்சியில் இரண்டு பக்கமும் துடைப்பதும் அதற்குத்தான்.

கடையில் கடல்நுரை, அதாவது கணவாயின் உள்ளோடு, வாங்கித் தொங்கவிட்டால் அலகு தேயும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கடல்நுரை மிருதுவானது, நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும், அது அலகை அதிகம் தேய்க்காது. அதைக் கால்சியத்துக்காக வையுங்கள், முட்டையிடும் பெண்ணுக்குக் கட்டாயம் வையுங்கள். தேய்மானத்துக்குக் கொய்யா, வேம்பு, முருங்கைக் கிளைகளைத் தோலோடு வெட்டிக் கழுவிப் போட்டால் போதும். பட்டையை உரிப்பதிலேயே அதன் பகல் பொழுது போய்விடும். ஒரே தடிமனில் வழவழப்பாக வருகிற பிளாஸ்டிக் குச்சியைத் தூக்கி எறியலாம். சொரசொரப்பான சிமெண்ட் குச்சியை மட்டும் கூண்டு முழுக்க வைத்தால் பாதத்தில் புண் வரும், ஓர் ஓரத்தில் ஒன்று போதும்.

உணவும் இதில் சேர்த்தி. தினையும் சூரியகாந்தி விதையும் மட்டுமே போட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ குறையும், உறையின் தரம் கெட்டு அலகு தடித்துச் சொரசொரக்கும். முருங்கைக்கீரை, கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சிவப்பு மிளகாய் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். விதைக்கே பழகிய பட்ஜி முதல் வாரம் முறைத்துவிட்டு நகர்ந்துவிடும், அப்புறம் மசியும்.

வெட்டலாமா?

நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகக் கடித்து விளையாடும் கிளிக்கு ஆயுசுக்கும் அலகு வெட்டத் தேவையில்லை. திரும்பத் திரும்ப வெட்ட வேண்டியிருக்கிறது, வெட்டிய சில வாரங்களிலேயே மறுபடி நீள்கிறது என்றால் கேட்க வேண்டிய கேள்வி 'ஏன் நீள்கிறது' என்பது. கடைக்காரர் நகவெட்டியால் டக்கென்று வெட்டிக் காட்டினால் பார்க்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் உறைக்குள் ரத்தமும் நரம்பும் எதுவரை வந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. மிகையாக நீண்ட அலகில் அவையும் கூடவே நீண்டு வந்திருக்கலாம். பிளந்துவிட்டால் பறவை வலியில் சாப்பிடாது. பட்ஜி போன்ற சின்னப் பறவை ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஆபத்து. மருத்துவர்கள் வெட்டுவதைவிடச் சின்னச் சுழல் அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்ப்பதையே விரும்புகிறார்கள்.

அலகில் அடிபட்டு ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து மெல்ல அழுத்துங்கள். நுனியில் மட்டும் கசிந்தால் கொஞ்சம் சோள மாவை அப்பலாம். பறவையை இருட்டான, கதகதப்பான பெட்டியில் வைத்து அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். வெடிப்பு அடிப்பகுதிவரை போயிருந்தாலும், அலகு ஆடினாலும், நாற்றம் வந்தாலும், கடித்துத் தின்பதை நிறுத்திவிட்டு விதையை வாயிலெடுத்துக் கீழே போட்டுக்கொண்டே இருந்தாலும் அப்படியே. தின்கிறதா இல்லையா என்பதைக் கிண்ணத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். கிண்ணம் நிறைய வெறும் தோல் கிடந்தாலும் விதை மாதிரியே தெரியும், ஊதிப் பாருங்கள். அதைவிட நம்பகமானது சமையலறைத் தராசு. வாரம் ஒருமுறை காலையில், சாப்பாட்டுக்கு முன்னால் நிறுத்து எழுதி வையுங்கள்.

கூடவே மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், பக்கவாட்டில் ஒன்றும் நேரே ஒன்றுமாக இரண்டு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னலோர வெளிச்சம் போதும். நாய் பூனையோடு பறவைகளையும் பார்க்கிற மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் அவசரம் வருவதற்கு முன்பே விசாரித்து எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. போகும்போது அந்த மாதாந்திரப் படங்கள், எடைக் குறிப்பு, தினமும் போடும் தீனியின் பட்டியல் இந்த மூன்றையும் கொண்டுபோங்கள். பறவையை அதன் கூண்டோடு, அன்றைய எச்சத்தைத் துடைக்காமல் கொண்டுபோனால் மருத்துவர் உங்களை ஒன்றும் சொல்லமாட்டார். அவர் அலகைப் பார்த்த அடுத்த நொடி பார்க்கப்போவது அதைத்தான்.